வேலையற்ற இளைஞரும் விழுக்காட்டுக் கணக்கும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. நீரோடு போகப் போகும் பொருளையே அளந்து போடச் சொன்னவர்கள், ஆற்றங்கரையில் வாழும் மக்களின் வாழ்வை அளக்காமல் விட்டுவிட ஒருப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் நம் நாட்டு வரலாற்றில் வேலையற்றவரை அளந்து அறியும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றியது. அளக்கத் தொடங்கிய பின்னரும், அளவுகோலுக்குள் அடங்காதவர் பலர் இருந்தனர். இவ்வுண்மையைப் பினாங்குத் தீவின் சுங்கை பினாங் வட்டாரத்தில் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுங்கை பினாங் ஒரு சிற்றாறு. தீவின் குன்றுகளிலிருந்து இறங்கிவரும் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, ஜோர்ஜ்டவுனுக்கும் ஜெலுத்தோங்குக்கும் இடையே கடலில் கலக்கிறது. ஆற்றின் பெயரே குடியிருப்பின் பெயருமாயிற்று. இதன் துணையாறான ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் துறை அமைத்துத் துணி வெளுத்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும் நகராண்மைப் பணிகளில் இருந்தோரும் நகரின் இத்தகைய புறப்பகுதிகளிலேயே வாழ்ந்தனர். தந்தை துறைமுகத்தில் உழைத்தால் மகனும் அங்கேயே உழைப்பான் என்பது அக்காலத்து நம்பிக்கை. அந்நம்பிக்கை தகர்ந்த வரலாறே வேலையில்லாத் திண்டாட்டத்தின் வரலாறு.

கப்பலேறிய கணக்கு

1929ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் உலகெங்கும் பரவியது. இரப்பரின் விலை சரிந்தது. மலாயாத் தோட்டங்களில் கூலி குறைந்தது. பல்லாயிரவர் வேலை இழந்தனர். தமிழகத்திலிருந்து பயண உதவி கொடுத்து ஆள் திரட்டும் முறை 1930இல் நிறுத்தப்பட்டது. வேலை இழந்தவருக்கு அன்றைய ஆட்சி கண்ட தீர்வு ஒன்றே: அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்புவது. 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் மட்டும் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் மலாயாவிலிருந்து இவ்வாறு அனுப்பப்பட்டனர். வடபகுதித் தோட்டத் தொழிலாளர்க்குப் பினாங்குத் துறைமுகமே வாயில். வாழ வந்தபோது இறங்கிய துறையிலேயே, வாழ்விழந்து மீண்டும் ஏறினர்.

வேலையற்றோர் இத்தனை விழுக்காட்டினர் என்று வீடுவீடாகச் சென்று கணக்கிடும் முறை அன்று இல்லை. கப்பலில் ஏறியோர் தொகையே கணக்கு. கப்பல் கரையை விட்டு நீங்கியதும், மலாயாவின் ஏடுகளில் அவர்கள் வேலையற்றோராகவும் இல்லை. வேலை செய்வோராகவும் இல்லை. சிக்கல் தீர்ந்ததன்று, கண்ணுக்கு மறைந்தது, அவ்வளவே.

மண்ணில் பிறந்த தலைமுறை

முப்பதாண்டுகள் கழிந்தன. நாடு 1957இல் விடுதலை பெற்றது. சுங்கை பினாங்கில் வளர்ந்த பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களைக் கப்பலேற்ற இயலாது.

அத்தலைமுறை வேலை தேடும் வயதை அடைந்தபோது மூன்று இடர்கள் ஒருங்கே வந்தன. முதலாவது, பினாங்கின் வாணிபம் தேய்ந்தது. 1963 முதல் 1966 வரை நீடித்த இந்தோனேசியப் பகைமை சுமத்திராவோடு இருந்த சரக்குப் போக்குவரத்தை முறித்தது. 1786 முதல் தீவை வாழவைத்த சுங்கவரியற்ற துறைமுக உரிமை படிப்படியாகக் குறைந்து 1969இல் முற்றும் நீக்கப்பட்டது. இரண்டாவது, பள்ளியை விட்டு வெளிவருவோர் தொகை பெருகியது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு 1964இல் நீக்கப்பட்டதால், ஆறாம் ஆண்டோடு நின்றுவிடக்கூடிய பிள்ளைகள் மூன்றாம் படிவம் வரை பயின்றனர். அவ்வாறு பயின்ற முதல் அணியினர் 1967இல் எல்.சி.இ. தேர்வு எழுதினர். தேர்ச்சி பெறாதோர் பதினைந்து வயதில் தெருவுக்கு வந்தனர். படிப்பால் ஆசை உயர்ந்தது. ஆனால் அதற்கேற்ற தொழில் ஊரில் இல்லை.

மூன்றாவது, குடியுரிமை பற்றியது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்றது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த இந்தியத் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். பல்லாயிரவர் இந்தியாவுக்குத் திரும்பினர். 1930களின் காட்சி சிறிய அளவில் மறுபடியும் அரங்கேறியது எனலாம். அவர்களும் புறப்பட்டவுடன் கணக்கிலிருந்து மறைந்தனர்.

நகரில் அமைதி குலைந்திருந்தது. 1967 நவம்பரில் பிரிட்டன் தன் நாணய மதிப்பைக் குறைத்தபோது, அதனோடு பிணைந்திருந்த பழைய மலாயா வெள்ளியின் மதிப்பும் குறைந்தது. ஏழைகள் சேமித்து வைத்திருந்த பணம் ஒரே நாளில் தேய்ந்தது. அம்மாதம் 24ஆம் நாள் பினாங்கில் நடந்த கடையடைப்பு கலவரமாக மாறி உயிர்களைப் பறித்தது. நாணயம் அக்கலவரத்துக்குப் பொறி. வேலையின்றி நின்ற இளைஞரின் கசப்பு அதற்கு விறகு என்று கருதுவது பிழையாகாது.

அக்காலத்தில் பினாங்கின் வேலையின்மை 14 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடு வரை எனப் பலவாறு மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரே ஊர், ஏறத்தாழ ஒரே காலம். ஆயினும் கணக்குகள் வேறுபடுவதேன்? இதற்கு விடை காண, அளவுகோலின் இயல்பை முதலில் அறியவேண்டும்.

அளவுகோலின் இயல்பு

ஒரு தெருவில் நூறு இளைஞர் உள்ளனர் எனக் கற்பனையாகக் கொள்வோம். நாற்பதின்மர் வேலையில் இருக்கின்றனர். பதின்மர் வேலை தேடுகின்றனர். ஏனைய ஐம்பதின்மர் படிக்கின்றனர் அல்லது வீட்டில் இருக்கின்றனர். வேலை செய்வோரும் தேடுவோரும் சேர்ந்ததே உழைப்பாளர் அணி. ஆகவே ஐம்பதின்மரில் பதின்மர் வேலையற்றோர். வேலையின்மை 20 விழுக்காடு.

இனி, தேடிக்கொண்டிருந்த ஐவர் சோர்ந்துபோய், 'வீட்டில் தாய்க்குத் துணையாக இருக்கிறேன்' என்று சொல்லிவிடுகின்றனர் எனக் கொள்வோம். அவர்கள் அணியிலிருந்தே நீங்குகின்றனர். நாற்பத்தைவரில் ஐவர் என்றால் 11 விழுக்காடுதான். ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆயினும் வேலையின்மை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது!

இதற்கு மாறாக, ஊரருகே ஓர் ஆலை வருகிறது எனக் கொள்வோம். வீட்டிலிருந்த பதின்மர் புதிதாக வேலை தேடப் புறப்படுகின்றனர்; அறுவருக்குக் கிடைக்கிறது; நால்வர் காத்திருக்கின்றனர். இப்போது அறுபதின்மரில் பதினால்வர். அதாவது 23 விழுக்காடு. அறுவர் பிழைப்புப் பெற்றனர். ஆனால் விழுக்காடு ஏறிவிட்டது. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஆலையால் தீமை விளைந்தது என்று முடிவுகட்டி விடுவர்.

மலேசியாவில் உழைப்பாளர் கணக்கெடுப்பைப் புள்ளியியல் துறை 1974இல் தொடங்கியது. கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமேனும் வேலை செய்தவர் வேலையுடையவர். வேலை தேடியவர் செயல்படும் வேலையற்றவர். வேலை கிடைக்காது என எண்ணித் தேடாமல் இருந்தவரையும், மனு அனுப்பி விடைக்குக் காத்திருப்பவரையும் செயல்படாத வேலையற்றவர் எனப் பகுத்து இக்கணக்கெடுப்பு சேர்த்துக்கொள்கிறது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் 'வீட்டு வேலை பார்க்கிறேன்' என்று சொல்லும் பெண் இதற்குள் வருவதில்லை. மாமனின் கடையில் நாளுக்குச் சிறிது நேரம் நின்று கைச்செலவுக்குப் பணம் பெறும் இளைஞன் வேலையுடையவனாகவே எண்ணப்படுகிறான்.

இது நமக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று. இந்தியாவில் தந்த்வாலா தலைமையிலான வல்லுநர் குழு, பல்வகைப்பட்ட உழைப்பை ஒரே எண்ணில் அடக்க முடியாது என்று 1970இல் கூறியது. அதன்பின் 1972-73ஆம் ஆண்டின் மாதிரிக் கணக்கெடுப்பு, வழக்க நிலை, வார நிலை, நாள் நிலை என மூவகையாக அளந்தது. இலங்கையில் 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டு அங்குச் சென்ற அனைத்துலகத் தொழிலமைப்பின் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டியது. அவ்விடைவெளியே பினாங்கிலும் இருந்தது.

ஆலைகள் வந்தன

1969இல் மாநில முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ, வாணிபத்தை மட்டும் நம்பியிருந்த தீவைத் தொழில் நோக்கித் திருப்பினார். அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. 1970இல் நேதன் நிறுவனத்தின் பெருந்திட்ட அறிக்கை வந்தது. 1971இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் இயற்றப்பட்டது. 1972இல் பாயான் லெப்பாஸ் வட்டாரம் உருவாயிற்று. இன்டெல், நேஷனல் செமிகண்டக்டர், ஹியூலெட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, போஷ் முதலிய நிறுவனங்கள் வந்தன. வயல்வெளியாக இருந்த இடத்தில் மின்னியல் ஆலைகள் எழுந்தன.

ஆலைகள் யாரை அழைத்தன? உருப்பெருக்கியின் வழியே நோக்கி, மயிரிழை போன்ற கம்பியை இணைக்கும் பணிக்குப் பெரும்பாலும் இளம்பெண்களையே சேர்த்தன. விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துகள் நகரின் குடியிருப்புகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் அவர்களை ஏற்றிச் சென்றன. முன்னர் எந்தக் கணக்கிலும் வேலையற்றோராக எண்ணப்படாத பெண்கள் ஊதியம் பெறலாயினர். தம்பி தங்கையரின் பள்ளிச் செலவு அவர்கள் கையால் நிறைவேறியது. இஃது ஒரு சமூகப் புரட்சியே. ஆனால் துறைமுகத்தில் இடமிழந்த ஆண்பிள்ளைகளுக்கு அவ்வாலைகளில் அதே அளவு இடம் இல்லை. யாருடைய வேலையின்மையைக் கண்டு திட்டம் தீட்டப்பட்டதோ அவர்கள் ஒருபுறம். யாருக்கு வேலை கிடைத்ததோ அவர்கள் மறுபுறம்.

எனினும் 1970களின் இறுதிக்குள் பினாங்கின் வேலையின்மை பெரிதும் தணிந்தது. இதனை மறுப்பது நன்றி மறப்பதாகும்.

மீண்டும் மந்தம்

உலகச் சந்தையை நம்பி வந்த வேலை, அச்சந்தை தளரும்போது தானும் தளரும். 1974-75இல் மின்னியல் ஆலைகள் ஆட்குறைப்புச் செய்தன. 1985இல் ஈயம், செம்பனை எண்ணெய், இரப்பர் ஆகியவற்றின் விலை வீழ்ந்தது; மின்னியல் பொருள்களின் தேவையும் குன்றியது. நாட்டின் மொத்த உற்பத்தி அவ்வாண்டு ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்கியது. பல்லாயிரம் தொழிலாளர் உழைத்துக் கட்டிய பினாங்குப் பாலமும் அவ்வாண்டே திறக்கப்பட்டது. கட்டுமான வேலையும் முடிந்தது.

உழைப்பாளர் கணக்கெடுப்பின்படி 1982இல் 3.4 விழுக்காடாக இருந்த நாட்டு வேலையின்மை 1986இல் 7.4 ஆயிற்று. வேறு அரசு ஆவணங்கள் அவ்வாண்டுக்கே 8 விழுக்காட்டுக்கு மேல் கூறின. எதனைக் கொண்டாலும், ஆலையிலிருந்து நீக்கப்பட்டு வீடு திரும்பி, அடுப்படியில் புகுந்துகொண்ட பெண்ணின் துயரம் அவ்வெண்ணில் முழுமையாக இல்லை. மந்தம் வருமுன் அவள் வேலையுடையவள்; மந்தம் வந்தபின் அவள் 'இல்லத்தில் இருப்பவள்'. இடையிலே இழந்ததை எந்த ஏடு எழுதிற்று?

தீர்வுகளும் வந்தன. 1986ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டத்தின் பின்னர்ப் புதிய ஆலைகள் எழுந்தன. 1989இல் மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் கல்வித் துறையினரும் கைகோத்துப் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினர். 1970களின் தீர்வு வேலைகளை ஊருக்குக் கொண்டுவந்தது. 1989இன் தீர்வு ஊராரை வேலைக்குத் தகுதிப்படுத்த முயன்றது. இரண்டும் வேண்டியவை. பின்னாளில் மற்றோர் அடியை வேறு வடிவில் வந்த இடர் அடித்தது: 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காட்டை எட்டியது. அப்போதும் முதலில் விலக்கப்பட்டோர் பலர் கடைசியாகச் சேர்ந்த இளையோரே.

ஆசிரியர் கையிலுள்ள பதிவேடு

இளைஞர் என்போர் யாவர் என்பதிலும் நாம் ஒரே முடிவில் நின்றதில்லை. ஒரு காலத்தில் நாற்பது வயது வரை இளைஞர் என்றது தேசிய இளைஞர் கொள்கை. பின்னர் அவ்வரம்பு முப்பதாகக் குறைந்தது. உலக அமைப்புகள் பதினைந்து முதல் இருபத்து நான்கு வரை என்கின்றன. வரம்பை மாற்றினால் விழுக்காடும் மாறும். எனவே எண்ணைக் காணும்போதெல்லாம் மாணவர் மூன்று வினாக்களை எழுப்பப் பழகவேண்டும்: யாரை எண்ணினார்கள்? யாரை விட்டார்கள்? விடுபட்டவர் எங்கே போனார்?

மூன்றாம் வினாவுக்கு விடை கூறக்கூடியவர் ஊரிலே ஒருவர் உண்டெனில், அவர் ஆசிரியர். மூன்றாம் படிவத்தில் நின்றவன் யார், ஐந்தாம் படிவம் முடித்தும் வீட்டிலிருப்பவள் யார் என்பது அவருக்குத் தெரியும். பள்ளியை விட்டுச் சென்ற மாணவர் ஈராண்டுக்குப் பின் என்ன செய்கின்றனர் என்று ஒவ்வொரு பள்ளியும் ஒரு குறிப்பேடு வைத்தால் போதும். அது புள்ளியியல் துறையின் கணக்குக்கு மாற்றாகாது. அக்கணக்கு காணாத முகங்களைக் காட்டும். திறன் மையத்திற்கு யாரை அனுப்புவது, உதவித்தொகைக்கு யாரைப் பரிந்துரைப்பது என்பது அதிலிருந்தே தெளிவாகும்.

1930களில் வேலையற்றவனைக் கப்பல் கொண்டுபோயிற்று. 1980களில் வேலையற்றவளை வீட்டுக் கதவு மறைத்தது. இருவரும் கணக்கில் இல்லை. ஆகவே திட்டத்திலும் இல்லை. இனி வரும் மந்தத்தில் சுங்கை பினாங்கின் பிள்ளை ஒருவரும் அவ்வாறு மறையாதபடி, இன்றே பெயரெழுதி வைப்போமாக.