காஞ்சி நாடக உரைநடையும் நடிகை மனோரமாவும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துரைக்கும் நாம், நாடகத்தை ஆராயுங்கால் ஆசிரியர் எழுதிய ஏட்டோடு நின்றுவிடுகின்றோம். அவ்வேட்டிற்கு ஒலிவடிவம் தந்த நடிகரை, அவருள்ளும் நகைச்சுவை நடித்த பெண்டிரை, இலக்கிய வரலாறு பெரும்பாலும் பேசுவதில்லை. இக்குறை பெரிதென்பதற்கு மனோரமாவின் கலைவாழ்வு சான்றாகும்.

கோயிலாலும் பட்டு நெசவாலும் புகழ்பெற்ற காஞ்சிபுரத்தில், நெசவாளர் மரபில் 1909இல் தோன்றியவர் அறிஞர் அண்ணா. அந்நகரிலிருந்தே 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினார். அடுக்குமொழியும் எதுகை மோனையும் விரவிய அவர்தம் நடை நாடகத்திலும் இடம்பெற்றது. பாட்டுத் தலைமை பெற்றிருந்த தமிழ் மேடையில் உரையாடல் தலைமை பெறலாயிற்று.

1937இல் மன்னார்குடியில் பிறந்து, செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்த கோபிசாந்தா, மனோரமா என்னும் பெயருடன் மேடையேறியது இம்மாற்றத்தின் பின்னராகும். எஸ். எஸ். இராசேந்திரன் நாடக மன்றத்தில் அவர் நடித்தார். 'சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம்' நாடகத்தில் அண்ணா காகப்பட்டராகத் தோன்ற, இவர் இந்துமதியாகத் தோன்றினார். கலைஞர் மு. கருணாநிதியுடன் 'உதயசூரியன்' நாடகத்திலும் நடித்தார். நெடுந்தொடர்களை மூச்சு முறியாமலும் பொருள் சிதையாமலும் உரைக்கும் பயிற்சியை இந்நாடகங்கள் நடிகரிடம் வேண்டி நின்றன.

1958இல் 'மாலையிட்ட மங்கை' வாயிலாகத் திரையுலகு புகுந்த மனோரமா, 1963இல் 'கொஞ்சும் குமரி'யில் தலைவியானார். ஆயினும் அவரை நிலைநிறுத்தியது நகைச்சுவையே. 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஜில்ஜில் ரமாமணி என்னும் நாடக நடிகையாக வட்டார வழக்கில் பேசினார். அவ்வாண்டே 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தெருவழக்கில் பாடினார். 1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்து வேலைக்காரி கண்ணம்மாவும் அவ்வழக்கினளே.

அடுக்குமொழிக்கும் கொச்சை வழக்கிற்கும் தொடர்பு யாது என ஒருவர் வினவலாம். இரண்டும் செவிக்குரியன. எச்சொல்லை அழுத்துவது, எவ்விடத்து நிறுத்துவது என்னும் அறிவின்றி இரண்டும் பொருளிழக்கும். மேடையில் பெற்ற அவ்வறிவே, கேலிப்பொருளாகக் கருதப்பட்ட மக்கள் வழக்குகளை அவர் வாயில் உயிருள்ள மொழியாக்கிற்று என்பது எம் கருத்து.

1989இல் வந்த 'புதிய பாதை'க்காகத் தேசிய விருதும், 2002இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்து, 2015 அக்டோபர் 10ஆம் நாள் மறைந்தார்.

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் நாம், அச்சிட்ட நாடகத்தையும் நடிகரின் குரலையும் ஒப்புநோக்கும் முறையை இன்னும் வகுத்திலோம். அந்நாளைய மேடைக் குரல்களுட் பல பதிவின்றி மறைந்தன. அம்மேடையிற் பயின்ற மனோரமாவின் குரல் திரைப்படங்களில் எஞ்சியுள்ளது. பேச்சுத்தமிழ் வரலாற்றை எழுதப் புகுவார் அதனை மூலச்சான்றாகக் கொள்ளுதல் கடனாகும்.