மதில் மேல் பூனையும் சிவகாசிக்கு வந்த சிலந்தியும்

காமிக்ஸ் உலகில் ஹீரோ என்றால் நல்லவன், வில்லன் என்றால் கெட்டவன். இதில் குழப்பம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த இரண்டு பக்கமும் சேராமல் மதில் மேல் பூனையாக உட்கார்ந்திருக்கும் ஆசாமிகள் சிலர் உண்டு. எந்தப் பக்கம் குதிப்பார்கள் என்று கடைசிப் பக்கம் வரை தெரியாது. வாசகர்களுக்கு அதிகம் பிடித்துப் போனதும் இவர்களைத்தான்!

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது நிஜமாகவே ஒரு பூனைதான். 1940 வசந்த காலத்தில் வெளிவந்த பேட்மேன் முதல் இதழில், கப்பலில் நெக்லஸ் திருட கிழவி வேஷத்தில் வந்தவள் 'தி கேட்'. இவள்தான் பின்னாளில் கேட்வுமன் ஆனாள். பிடிபட்ட அவள் தண்ணீரில் குதித்துத் தப்பும்போது, துரத்தப் போன ராபினை பேட்மேனே தடுத்து விடுகிறார். ஆக, மதில் மேல் இருந்தது பூனை மட்டும் இல்லை!

ஆனால் 1954-ல் அமெரிக்காவில் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதிகள் வந்தன. குற்றவாளி மேல் வாசகனுக்கு அனுதாபம் வரக்கூடாது என்பது அதில் முக்கியமான விதி. திருடி மேல் காதல் கொண்ட போலீஸ் நண்பனுக்கு இதில் எங்கே இடம்? அந்த ஆண்டோடு கேட்வுமன் காணாமல் போனாள். 1966-ல் டி.வி. தொடரில் ஜூலி நியூமார் கறுப்பு உடையில் வந்து கலக்கிய பிறகுதான் காமிக்ஸிலும் திரும்பி வந்தாள். பன்னிரண்டு வருட வனவாசம்.

தமிழ்நாட்டுக்கு இந்த மாதிரி ஆசாமிகள் அமெரிக்காவிலிருந்து வரவில்லை, லண்டனிலிருந்து வந்தார்கள். வந்து இறங்கிய ஊர் சிவகாசி.

1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. நிறுவியவர் சௌந்தரபாண்டியன், ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழின் தலைப்பே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் வேலியன்ட் பத்திரிகையில் 1962 முதல் ஓடிய 'ஸ்டீல் க்ளா' தொடர்தான் இது. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக் கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து விடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இப்படி ஒரு சக்தி கிடைத்ததும் அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? கொள்ளை! ஊருக்கு உதவும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. பின்னர் மெல்ல மெல்லத் திருந்தி, நிழல் படை என்ற ரகசிய அமைப்பின் ஏஜென்ட் ஆனார். தமிழ் வாசகர்கள் மனதில் நின்றது இந்த ஏஜென்ட் மாயாவிதான். லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ வரிசையில் அவரும் ஒரு சுத்தமான நல்லவராகவே பதிந்து போனார். பழைய குற்றக் கணக்கு பலருக்கு நினைவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1984-ல், சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. மாடஸ்டி பிளைசியும் இதே ஜாதி. கடத்தல் கூட்டத்துக்குத் தலைவியாக இருந்து, சம்பாதித்து, ஓய்வு பெற்று, பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு உதவி செய்பவள். நடை, பாய்ச்சல், நிதானம் எல்லாவற்றிலும் பூனைதான். ஆனால் லயனுக்குக் கூட்டம் சேர்த்தது அவள் இல்லை. 'எத்தனுக்கு எத்தன்' கதையில் வந்து இறங்கிய ஸ்பைடர்!

ஸ்பைடர்மேனோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். இவன் 1965 ஜூனில் பிரிட்டனின் லயன் பத்திரிகையில் பிறந்தவன். எழுதியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். உடலோடு ஒட்டிய கறுப்பு உடை, நெற்றியில் கூராக இறங்கும் முடி, கூரான காதுகள். பெயர்தான் சிலந்தி, முகத்தைப் பார்த்தால் இரவில் கண் மின்னும் கறுப்புப் பூனைதான். தமிழ் ரசிகர்கள் செல்லமாக வைத்த பெயர் 'கூர்மண்டையன்'. கையில் வலைத் துப்பாக்கி, ஏறிப் பறக்க ஹெலிகார். பூட்டு உடைப்பதில் கில்லாடியான ராய் ஆர்டினியும் விஞ்ஞானி பெல்ஹாமும் கையாட்கள். அவன் லட்சியம் ஒன்றே ஒன்று: குற்ற உலகின் சக்கரவர்த்தி ஆவது. துப்பறியும் அதிகாரிகள் கில்மோரும் ட்ராஸ்க்கும் அவனைப் பிடிக்க ஓடி ஓடி மூச்சு வாங்குவார்கள்.

சிறுவர் பத்திரிகையில் ஒரு கொள்ளைக்காரன் நாயகன்! பிரிட்டனிலும் 1955-லேயே சிறுவர்களுக்குத் தீங்கான பத்திரிகைகளைத் தடுக்கச் சட்டம் வந்திருந்தது. இருந்தும் இவன் தப்பினான்.

அடுத்து வந்தவர்தான் கதையைத் திருப்பினார். ஜெர்ரி சீகல். ஆமாம், ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்! சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிறகு அதற்காக வருடக்கணக்கில் போராடி, சொந்த நாட்டில் வேலை கிடைக்காமல் போன காலத்தில் அவர் பிரிட்டிஷ் பத்திரிகைகளுக்கு எழுதினார். அவர் கையில் ஸ்பைடர் பக்கம் மாறினான். மற்ற வில்லன்களை வேட்டையாடத் தொடங்கினான்.

இதில் வேடிக்கை என்னவென்றால் சீகலுக்கு இது பழக்கமான வேலை. 1933-ல் அவரும் ஷஸ்டரும் தாங்களே அச்சிட்ட சிறு இதழில் முதன்முதலாக 'சூப்பர்மேன்' என்ற பெயரைப் பயன்படுத்தியது ஒரு மொட்டைத்தலை வில்லனுக்கு! ஐந்து வருடம் கழித்து 1938-ல் வெளிவந்த சூப்பர்மேன் நல்லவன். ஒரு கெட்டவனை நல்லவனாக்கிய அனுபவம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது.

ஆனாலும் இரண்டு மாற்றமும் ஒன்றல்ல. சூப்பர்மேனை அடியோடு வேறு ஆளாக்கினார். ஸ்பைடரை அப்படிச் செய்யவில்லை. அவன் மனம் வருந்தியெல்லாம் திருந்தவில்லை. 'என்னை விடப் பெரியவன் எவன்?' என்ற கர்வம் அப்படியே இருந்தது. முன்பு போலீஸிடம் காட்டிய கர்வத்தை இப்போது மற்ற குற்றவாளிகளிடம் காட்டினான், அவ்வளவுதான். தன்னை விடப் பெரிய வில்லன் ஒருவன் இருப்பதை அவனால் பொறுத்துக் கொள்ள முடியவில்லை. மாயாவி திருந்தியதும் அவர் முன்பு என்னவாக இருந்தார் என்பதே மறந்து போயிற்று. ஸ்பைடர் விஷயத்தில் அந்த மறதிக்கு இடமே இல்லை. ஆர்டினியும் பெல்ஹாமும் கூட அவனை நம்பி நிற்கவில்லை, பயந்து நின்றார்கள். எந்த நிமிடமும் பழைய பக்கம் தாவி விடுவானோ என்ற சந்தேகம்தான் அடுத்த இதழையும் வாங்க வைத்தது.

அந்த இதழ்கள் பஸ் நிலையக் கடைகளில் தொங்கி, கை மாறி, கடைசியில் பழைய பேப்பர் கடை எடைக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்தன. பூந்தமல்லி மாதிரி ஊர்களில் அங்கிருந்துதான் அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தன. இன்று அவற்றைத் தேடுகிறவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் அந்த எடைக்கடைக்காரர்கள் மயங்கி விழுவார்கள் :-)

பிரிட்டனில் ஸ்பைடர் தொடர் 1969-ல் முடிந்து விட்டது. தமிழில் அவன் பிறந்ததே அதற்குப் பதினைந்து வருடம் கழித்துத்தான் என்பது குறிப்பிடத்தக்கது. பிறந்த ஊரில் மறந்து போனவனை சிவகாசி அச்சகம் வாழ வைத்தது. பிறகு 2005-ல் ஆலன் மூர் கதைத்திட்டத்தில், அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதிய 'ஆல்பியன்' தொடரில் பழைய பிரிட்டிஷ் நாயகர்கள் எல்லோரும் சிறையில் இருப்பார்கள். ஸ்பைடரும் அங்கே இருப்பான். நல்லவனாக அல்ல, பழையபடி வில்லனாக! 2021-ல் ரெபெல்லியன் நிறுவனம் அவன் கதைகளை மறுபதிப்பாகத் தொகுத்தபோது வைத்த தலைப்பிலும் 'குற்றக் கூட்டணி' என்ற சொல்தான் இருந்தது.