ஹேவ்லாக் கடலும் சில்ஃப்ரா பிளவும்: முக்குளிப்புக் கருவித் தேர்வு – ஓர் ஒப்பாய்வு

ஸ்கூபா முக்குளிப்பில் ஆர்வம் பிறந்தவுடன் பலரும் கேட்பது, “எந்தக் கருவி நல்லது?” என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, “எந்தத் தண்ணீரில் இறங்கப் போகிறோம்?” என்பது. ஒரு நீரில் உயிர் காக்கிற கருவி இன்னொரு நீரில் வெறும் சுமையாகிவிடும். ஓரிடத்தில் குறையே சொல்ல முடியாத, மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர், இன்னோரிடத்தில் உறைந்துபோய் ஆளைத் தவிக்கவிடும். விலைப்பட்டியலைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. நீரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை விளக்க, எல்லா வகையிலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 முதல் இதன் அரசுப் பெயர் சுவராஜ் துவீப். மற்றது, ஐஸ்லாந்தின் திங்வெட்லிர் தேசியப் பூங்காவில் உள்ள சில்ஃப்ரா பிளவு. இரண்டுக்கும் உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆனால் ஒன்றுக்குக் கட்டிய பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு மற்றொன்றுக்குப் போக முடியாது.

இரண்டு நீர்கள்

ஹேவ்லாக்கைச் சுற்றிய கடல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக இருக்கும். உப்பு நீர், பவளப்பாறை, திறந்த கடல். நல்ல பருவத்தில் 15 முதல் 30 மீட்டர் தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கலங்கிப்போகும். டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற புகழ்பெற்ற இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். அங்கே நீரோட்டம் சில நாள் சும்மா இருக்கும், சில நாள் ஆளை இழுத்துக்கொண்டு போகும்.

சில்ஃப்ரா கடலே அல்ல. வட அமெரிக்கக் கண்டத்தட்டும் யுரேசியக் கண்டத்தட்டும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கும் பகுதியில், 1789-ஆம் ஆண்டு நிலநடுக்கங்களின்போது திறந்த பிளவு அது. லாங்யோக்குட்ல் பனியாற்றில் உருகிய நீர் எரிமலைப் பாறைகளுக்குள் பல பத்தாண்டுகள் ஊறி, வடிகட்டப்பட்டு, அங்கே ஊற்றெடுக்கிறது. நன்னீர். கோடையோ குளிர்காலமோ, 2 முதல் 4 டிகிரிதான். 100 மீட்டருக்கு அப்பால் உள்ள பாறைகூடத் தெளிவாகத் தெரியும். படகு வேண்டாம், கரையிலிருந்து படிக்கட்டில் இறங்கினால் போதும். மெல்லிய ஓட்டம் ஒரே திசையில் நம்மைக் கொண்டுபோகும். முக்குளிப்பவர்கள் 18 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது பூங்காவின் விதி.

உடை: நனைந்தும் சூடாக, நனையாமல் சூடாக

தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். எனவே 29 டிகிரி நீர்கூட உடலைவிடக் குளிர்ந்ததுதான். ஹேவ்லாக்கில் முதல் முக்குளிப்பில் வெறும் மேல்சட்டையோடு இறங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அதே நாளில் மூன்றாவது தடவை இறங்கும்போது பல் கிட்டித்துவிடும். அதனால் அங்கே 3 மில்லிமீட்டர் வெட்சூட்டே பொருத்தமான தேர்வு. சூடு தாங்காதவர்கள் கை, கால் குட்டையான வெட்சூட்டை நாடுவார்கள். ஆனால் நீளக் கை, நீளக் கால் உள்ள உடை பவளக் கீறல், ஜெல்லி மீனின் சுணைப்பு, படகின் மேல்தளத்து வெயில் மூன்றிலிருந்தும் காக்கும் என்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன்.

வெட்சூட் நம்மை நனையவிடாமல் காப்பதில்லை. நியோப்ரீன் நுரைக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950-களின் தொடக்கத்தில் கண்டுகொண்டது இதைத்தான்: துணிக்குள் வாயு சிறைப்பட்டிருந்தால், உடல் நனைந்தாலும் குளிராது. அந்தக் குமிழ்களிலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது, குமிழ்கள் நசுங்குகின்றன, உடை மெலிகிறது, வெப்பக் காப்பும் மிதப்பும் குறைகின்றன. வெதுவெதுப்பான கடலில் இந்த இழப்பு பொருட்டில்லை. 3 டிகிரி நீரில் இதை நம்பி இறங்குவது பெருந்துன்பம்.

அதனால் சில்ஃப்ராவில் முக்குளிக்க டிரைசூட் கட்டாயம். இதில் நீர் உள்ளே வருவதே இல்லை. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேட்டக்ஸ் அல்லது சிலிக்கான் பட்டை இறுக்கிப் பிடிக்கும்; நீர் புகாத ஜிப் உடலை மூடும். மெல்லிய சவ்வுத் துணியால் ஆன டிரைசூட்டுக்குத் தனக்கென்று சூடு ஏதுமில்லை. உள்ளே போடும் தடித்த உள்ளாடைதான் சூட்டைக் காக்கும். நியோப்ரீனில் செய்த டிரைசூட்டும் உண்டு. அது கொஞ்சம் தானாகவே சூடு காக்கும், ஆனால் கனமானது, உலர நேரமாகும்.

இதை அணிவதே தனி வேலை. பட்டையில் முகப்பவுடர் தடவி, இரண்டு கையாலும் விரித்து, தலையைக் குனிந்து மெதுவாக நுழைக்க வேண்டும். நகம் பட்டால் கிழிந்துவிடும். உள்ளாடையின் ஒரு நூலோ தலைமுடியின் ஒரு இழையோ பட்டைக்கடியில் சிக்கினால் போதும், அந்த வழியாக நீர் கசிந்து ஐந்தாவது நிமிடத்தில் மார்பில் பனி இறங்கும். ஜிப்பை இழுத்து மூடியபின் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விரலால் விலக்கி, உள்ளே தேங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். நீருக்குள் இறங்க இறங்க உடை உடலை நெருக்கும். சிலிண்டரிலிருந்து வரும் குழாய் வழியாக அதற்குள் காற்று விட வேண்டும். மேலே வரும்போது அந்தக் காற்று விரியும்; தோளருகே உள்ள வால்வு வழியாக அதை வெளியே விட வேண்டும். தலைகீழானால் காற்று பாதங்களுக்கு ஓடி, காலைப் பிடித்து மேலே தூக்கிவிடும். டிரைசூட் பயிற்சிச் சான்றோ, அந்த உடையில் முன்பு முக்குளித்த பதிவோ இல்லாதவரைச் சில்ஃப்ராவில் இறங்க விடாததற்குக் காரணம் இதுதான்.

ரெகுலேட்டர்: உறைதல் என்னும் ஆபத்து

1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் உருவாக்கிய தேவைக்கேற்பக் காற்றுத் தரும் ரெகுலேட்டரின் அடிப்படைதான் இன்றும் தொடர்கிறது. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றை முதல் நிலை சுமார் 10 பாருக்குக் குறைக்கும். வாயில் வைக்கும் இரண்டாம் நிலை, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இணங்க அதை மூச்சாக்கித் தரும்.

அழுத்தம் திடீரென்று குறையும்போது காற்று கடுமையாகக் குளிர்கிறது. ஹேவ்லாக்கில் சுற்றியுள்ள வெதுவெதுப்பான நீர் அந்தக் குளிரை உடனே ஈடுகட்டிவிடும். எனவே நன்றாகப் பராமரிக்கப்பட்ட எந்த எளிய ரெகுலேட்டரும் அங்கே போதும். அங்கே அதன் எதிரி உப்பு. ஒவ்வொரு நாளும் நன்னீரில் அலசாவிட்டால் உப்புப் படிகங்கள் உள்ளே கெட்டிப்படும்.

சில்ஃப்ராவில் நிலைமை தலைகீழ். ஈடுகட்ட நீரிடம் வெப்பமே இல்லை. கடல்நீர் உறைய ஏறத்தாழ மைனஸ் 2 டிகிரி வேண்டும். நன்னீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும். முதல் நிலைக்குள் நீர் புகும் வடிவமாக இருந்தால், ஸ்பிரிங்கைச் சுற்றிப் பனி கட்டி வால்வு திறந்தபடியே நின்றுவிடும். அந்தக் கணத்தில் என்ன நடக்கும்? வாயில் இருக்கும் ரெகுலேட்டர் உறுமத் தொடங்கும். காற்று நிற்காமல் கொட்டும். கண்ணெதிரே வெள்ளைக் குமிழ்த்திரை. கொட்டும் காற்று வால்வை மேலும் குளிர்விப்பதால் பனி இன்னும் இறுகும். சில நிமிடங்களில் சிலிண்டர் காலியாகிவிடும்.

இதற்கான தீர்வு வடிவமைப்பிலேயே இருக்கிறது. முதல் நிலையை நீர் தொடாதபடி மூடி அடைத்த டயாஃப்ரம் வகை ரெகுலேட்டரே குளிர்நீருக்கு ஏற்றது. ஐரோப்பாவின் இ.என். 250 தரக்கட்டுப்பாடு 10 டிகிரியை எல்லையாக வைக்கிறது. அதற்குக் கீழான நீருக்கென விற்கப்படும் கருவிகள் 4 டிகிரி நீரில் தனியே சோதிக்கப்படுகின்றன. அந்தச் சோதனையில் தேறாத கருவியின் மீது 10 டிகிரிக்கு மேலான நீருக்கு மட்டும் என்ற குறி இருக்கும். வாங்குவதற்கு முன் அந்தக் குறியைப் பாருங்கள். பழக்கமும் மாற வேண்டும். உறைபனிக் காற்றில், நீருக்கு வெளியே ரெகுலேட்டரில் மூச்சுவிடக் கூடாது. மூச்சின் ஈரம் உள்ளே உறையும். உடையில் காற்று ஏற்றுவதையும் மூச்சிழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. கடுங்குளிரில் அடிக்கடி இறங்குகிறவர்கள் ஒரே சிலிண்டரில் இரண்டு வால்வு வைத்து, இரண்டு தனித்தனி முதல் நிலைகளைப் பொருத்துகிறார்கள். ஒன்று உறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதில் மூச்சு விடலாம்.

எடையும் மிதப்பும்

கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது. கருவியோடு சேர்த்து 100 கிலோ இருக்கும் ஒருவர் கடலிலிருந்து நன்னீருக்கு மாறினால், அமிழ்வதற்காகக் கட்டும் ஈயக்கட்டியில் சுமார் 2.5 கிலோ குறைக்க வேண்டும். இதைக் கேட்டுவிட்டுச் சில்ஃப்ராவில் எடை குறையும் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். டிரைசூட்டும் உள்ளாடையும் பிடித்துவைக்கும் காற்று அந்தக் கணக்கை விழுங்கிவிடும். ஹேவ்லாக்கில் மெல்லிய வெட்சூட்டோடு ஐந்தாறு கிலோவில் சமாளிப்பவர், அங்கே 10 கிலோவைத் தாண்ட வேண்டியிருக்கும்.

சிலிண்டரும் இந்தக் கணக்கில் சேரும். வெப்பமண்டலப் படகுகளில் பரவலாக இருக்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், காற்று தீரத் தீர மிதக்கத் தொடங்கும். கடைசியில் ஒன்றரை, இரண்டு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். அதையும் சேர்த்தே எடை கட்ட வேண்டும். எஃகுச் சிலிண்டர் பெரும்பாலும் காலியானபின்னும் மூழ்கியே நிற்கும். குளிர்நீரில் இடுப்பு எடையைக் குறைக்க அது உதவும். கனம் கூடும்போது மிதப்புச் சட்டையான பி.சி.டி.யின் தூக்கும் திறனும் கூடியாக வேண்டும்.

இரண்டு இடத்திலும் சோதனை ஒன்றே. மிதப்புச் சட்டையைக் காலியாக்கி, அசையாமல், சாதாரணமாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும்; மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். நீரோ உடையோ சிலிண்டரோ மாறிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும்.

முகம், கை, கால்

மாஸ்க் மட்டும் இரண்டு நீருக்கும் பொது. முகத்தோடு ஒட்டிப் பொருந்துவதே அதன் ஒரே தகுதி. ஆனால் குளிர்ந்த கண்ணாடியில் சூடான மூச்சு பட்டு விரைவில் பனி படியும் என்பதால், சில்ஃப்ராவில் பனிநீக்கித் திரவத்தை மறக்கக் கூடாது. அங்கே தலைக்குத் தடித்த நியோப்ரீன் உறையும், கைக்குத் தடித்த கையுறையும் கட்டாயம். உதடு மட்டும் வெளியே இருக்கும். சில நிமிடங்களில் அது மரத்துவிடும்.

கையுறை போட்டதும் விரல்கள் பாதித் திறனை இழக்கின்றன. சிறிய கொக்கிகளைக் கழற்ற முடியாது. எனவே காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னில் பிளாஸ்டிக் கொக்கிக்குப் பதில் ஸ்பிரிங் பட்டை, பெரிய பித்தான்கள் உள்ள டைவ் கம்ப்யூட்டர், கைக்கு எளிதில் அகப்படும் வால்வு என்று எல்லாம் மாறும். டிரைசூட்டின் காலணி நுழையும் அளவுக்கு ஃபின்னின் வாய் அகலமாக இருக்க வேண்டும். ஹேவ்லாக்கிலோ வெறுங்காலில் அணியும் இலகுவான ஃபின் போதும். கையுறை அங்கே தேவையில்லை என்பதோடு தீமையும் கூட: கையுறை போட்டவருக்குப் பவளத்தைப் பிடித்துக்கொள்ளும் துணிச்சல் வந்துவிடுகிறது. பல கடற்பூங்காக்கள் அதைத் தடை செய்திருப்பதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

குளிர்நீரின் ஆபத்து உடலுக்குள்ளும் கருவிக்குள்ளும் இருக்கிறது. குளிரில் காற்று வேகமாகத் தீரும். எண்ணமும் விரலும் மந்தமாகும். மேலே வரும்போது உடல் குளிர்ந்திருந்தால் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும். அதனால் டைவ் கம்ப்யூட்டர் காட்டும் கால எல்லைவரை போகாமல் முன்னதாகவே திரும்ப வேண்டும்.

வெதுவெதுப்பான கடலின் ஆபத்து வெளியே இருக்கிறது: நீரோட்டம், ஆழத்தின் ஆசை, படகுப் போக்குவரத்து. உடல் சுகமாக இருப்பதால் ஆழமும் நேரமும் தெரியாமல் கூடிவிடும். அங்கே உயிர் காக்கும் கருவிகள் மலிவானவை. நீருக்கடியிலிருந்தே காற்றடைத்து மேலே அனுப்பும் ஆரஞ்சு நிற அடையாளக் குழாய், அதற்கான நூல்சுருள், ஒரு விசில். நீரோட்டம் தூக்கிப்போய்ப் படகிலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி மேலே வந்தவரின் தலை, அலைகளுக்கு நடுவே யார் கண்ணிலும் படாது. ஒரு மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் ஆரஞ்சுக் குழாய் படும். விலை உயர்ந்த ரெகுலேட்டரை வாங்கிவிட்டு இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. சில்ஃப்ராவில் இந்தக் குழாய்க்கு வேலை இல்லை. கரை எப்போதும் கைக்கெட்டும் தூரம்தான்.

ஒப்பீடு சொல்வது

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. வெதுவெதுப்பான நீரில் கருவிகளை ஒவ்வொன்றாகத் தேர்வு செய்யலாம்; ஒன்றை மாற்றினால் மற்றவை பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. குளிர்நீரில் அப்படி முடியாது. நீர் குளிர்ந்ததால் டிரைசூட், டிரைசூட்டால் கூடுதல் எடை, எடையால் எஃகுச் சிலிண்டரும் பெரிய மிதப்புச் சட்டையும், குளிரால் கையுறை, கையுறையால் வேறு ஃபின், இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தனிப் பயிற்சி. அங்கே வாங்குவது ஒரு முழு அமைப்பு; அதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மற்றவை பயன்தராது.

புதுச்சேரியிலோ அந்தமானிலோ பயிற்சி முடித்துச் சொந்தக் கருவி வாங்க நினைப்பவருக்கு இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. முதலில் மாஸ்க், அடையாளக் குழாய், டைவ் கம்ப்யூட்டர்: இவை உங்கள் உடலுக்கும் பாதுகாப்புக்கும் உரியவை. அடுத்து ஃபின்னும் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டும். ரெகுலேட்டர் வாங்கும்போது, என்றாவது குளிர்நீருக்குப் போகும் எண்ணமிருந்தால் மூடி அடைத்த குளிர்நீர் வகையையே வாங்குங்கள். அது வெப்பக் கடலிலும் குறையின்றி உழைக்கும். எளிய வகையைக் குளிர்நீருக்குக் கொண்டுபோக முடியாது. டிரைசூட், எஃகுச் சிலிண்டர், தடித்த கையுறை ஆகியவற்றைப் போகும் இடத்திலேயே வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

எந்த இடத்துக்குக் கிளம்பினாலும் மூன்று விவரங்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: அடியாழத்தில் நீரின் வெப்பநிலை என்ன, உப்பு நீரா நன்னீரா, மேலே வரும்போது படகோ கரையோ எவ்வளவு தொலைவில் இருக்கும். முதல் விடை உடையையும் ரெகுலேட்டரையும் தீர்மானிக்கும்; இரண்டாவது எடையை; மூன்றாவது அடையாளக் கருவிகளை. இந்த மூன்றும் கையில் இருந்தால், கருவிக்கடையில் யாருடைய பேச்சையும் நம்பி வாங்க வேண்டியதில்லை.