திருவில்லிபுத்தூர்க் கோபுரமும் செங்கற்பட்டு மதிலும்

"உருப்படாத பயல்! இவன் தலையெழுத்தே இப்படி!"

இராசபாளையத்துக் கடைத்தெருவிலே, கல்லாவில் கைவைத்துப் பிடிபட்ட ஒரு சிறுவனைச் சூழ்ந்து நிற்கும் கூட்டம் இப்படித்தான் பேசும். கூட்டத்திலே கோயிலுக்குப் போய்த் திரும்பும் பெரியவர் இருப்பார். பட்டம் பெற்றவரும் இருப்பார். தலையெழுத்து என்ற சொல்லில் மட்டும் இருவரும் ஒன்றுபடுவர். எழுதியவன் யார், என்றைக்கு எழுதினான் என்று கேளுங்கள் - பதில் வராது, முறைப்பு வரும்!

ஆனால், தோழர்களே, அந்தச் சிறுவனுக்கு உண்மையாகவே ஓர் எழுத்து காத்திருக்கிறது. பிரமன் எழுதியதன்று அது. அரசினர் தாளில் எழுதப்படுவது. தாளின் தலைப்பிலே முத்திரை, முத்திரையிலே கோபுரம். அது எங்கள் ஊர்க் கோபுரம் என்று திருவில்லிபுத்தூர் மக்கள் பெருமை பேசுவர். விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பதும் அதே ஊரில்தான். கோபுரத்தின் வரலாறு பேசப் புலவர் பலருண்டு. அரசாணையோடு மதிலுக்குள் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வரலாறு பேசத்தான் ஆளில்லை.

1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்றது. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவனாயின், விளைவறியும் பக்குவம் அவனுக்கு உண்டா என்று பார்க்கச் சொன்னது. பிறந்த வருணத்தைப் பார்த்துத் தண்டனையைக் கூட்டிக் குறைத்த மனுவின் முறைக்கு இது எவ்வளவோ மேல். (2023இல் வடமொழிப் பெயர் சூட்டிக்கொண்டு வந்த புதிய சட்டமும் இவ்விரு விதிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டது. இவற்றைப் பொறுத்தவரை மாறியது பெயர் மட்டுமே!)

பன்னிரண்டைத் தாண்டியவன் கதி என்ன? வளர்ந்த கைதிகளோடு ஒரே கொட்டடி. ஒரு குற்றத்துக்காக உள்ளே போனவன் ஒன்பது குற்றம் கற்றுக்கொண்டு வெளியே வந்தான். இதைக் கண்ட பிறகே 1876இல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. 1897இல் அது திருத்தி எழுதப்பட்டது. பதினைந்து வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு மாறாக மூன்றாண்டு முதல் ஏழாண்டு வரை பள்ளியில் வைத்துத் தொழில் கற்பிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. சென்னை மாகாணத்துக்கென 1887இல் அத்தகைய பள்ளி செங்கற்பட்டிலே அமைந்தது. அந்த ஊரின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவோம்.

1920ஆம் ஆண்டுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகம் அருள்முகம். இந்திய மாகாணங்களிலேயே முதன்முதலாகச் சென்னையில் சிறார் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும்தான் நம்மைப் பின்தொடர்ந்தன. சிறுவன் வேறு, கைதி வேறு. அவனைத் தனியே விசாரிக்கவேண்டும், தனியே வைத்துத் திருத்தவேண்டும் என்று ஆளுவோர் ஒப்புக்கொண்டனர்.

மற்றொரு முகம்? அதே 1920, ஏப்ரல் 3. திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கைரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர் மக்கள்மீது போலீசார் சுட்டனர். மாண்டவர் பதினாறு பேர்; மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். அவர்கள் எதிர்த்த அந்தச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 1911இல் திருத்தியமைக்கப்பட்ட வடிவில், ஆறு வயது முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கலாம் என்றது. பிள்ளை எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை - இன்ன குலத்தில் பிறந்திருந்தால் போதும்! கோட்டையிலே, குற்றம் சூழ்நிலையால் விளைவது என்று ஒரு சட்டம். கிராமத்திலே, குற்றம் குருதியில் ஓடுவது என்று இன்னொரு சட்டம். இரண்டும் ஒரே அரசின் சட்டங்கள். தலையெழுத்துத் தத்துவத்தை வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை, ஐயா. அது இங்கேயே தாராளமாகக் கிடைத்தது. அவன் அதற்குப் பதிவேடும் ரேகைமையும் கொடுத்தான். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது 1947இல்.

பதினாறைத் தாண்டிய இளைஞருக்கென 1926இல் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பார்ஸ்டல் என்பது இங்கிலாந்தில் கென்ட் மாநிலத்து ஒரு சிற்றூர். இளைஞரைத் தனியே வைத்துத் திருத்தும் சோதனை 1902இல் அங்கே தொடங்கியதால், ஊரின் பெயரே முறையின் பெயராயிற்று. நம் தென்பாண்டிச் சீமைக்குப் பாளையங்கோட்டைச் சிறை பல ஆண்டுகள் பார்ஸ்டல் பள்ளியாக இருந்தது. பாளையங்கோட்டை என்றால் வசதியுள்ள வீட்டுப் பையனுக்குக் கல்லூரி; வசதியற்ற வீட்டுப் பையனுக்கு அந்த மதில். இரண்டுக்கும் பெயர் பள்ளிதான்!

பெயரைக் கொண்டுவந்தோம், உயிரைக் கொண்டுவந்தோமா? இங்கிலாந்திலே 1920களில் அலெக்சாந்தர் பேட்டர்சன் என்பவர் பார்ஸ்டல் காவலரின் சீருடையைக் களையச் செய்தார். ஒவ்வொரு விடுதிக்கும் பொறுப்பாசிரியர்களை அமர்த்தினார். 1930 மே மாதத்தில் லுவெல்லின் என்ற அதிகாரி, இலண்டனை அடுத்த ஃபெல்தமிலிருந்து நாட்டிங்காம் பக்கத்து லௌடம் கிரேஞ்சுக்குத் தம் இளைஞர்களை நடத்தியே அழைத்துச் சென்றார். நூறு கல்லுக்கு மேற்பட்ட பயணம். விலங்கு இல்லை, வழியெல்லாம் திறந்த வெளி. போய்ச் சேர்ந்த இடத்திலே மதிலும் இல்லை. தங்களுக்கான விடுதியை அந்த இளைஞர்களே எழுப்பத் தொடங்கினர். நம் நாட்டிலோ மதிலைத்தான் முதலில் தேடினோம். இருந்த சிறையின் வாயிலிலே பள்ளி என்ற பலகையை மாட்டினோம். (இங்கிலாந்து 1982இல் பார்ஸ்டல் முறையையே கைவிட்டது, பெயர் நம்மிடம் தங்கிவிட்டது.)

மதிலுக்குள் போகும் பிள்ளைகள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். திருவில்லிபுத்தூருக்குக் கிழக்கே சிவகாசி. பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்தக்கூடாது என்று சட்டம் முன்பே கூறியிருந்தது. எனினும் 1976இல் அர்பன்சு சிங் குழு சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரை ஆராய வேண்டியிருந்தது. 1996 டிசம்பரில், ஒரு குழந்தைக்கு இருபதாயிரம் ரூபாய் வீதம் முதலாளி கட்டவேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. விடியுமுன் பேருந்தேறித் தீக்குச்சி அடுக்கப் போன பிள்ளையைத் தேடி எந்தக் காவலரும் வரவில்லை. அவனே வேலையுமின்றிப் பள்ளியுமின்றித் தெருவில் நின்றபோதுதான் வந்தனர்.

சிறார் சட்டத்தின் இடத்தில் இளைஞர் நீதிச் சட்டம் 1987இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறாக இருந்த ஆண் பிள்ளைகளின் வயது வரம்பு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதினெட்டாயிற்று. 2012 டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் எழுந்த சீற்றத்திலே, 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஓரடி பின்வாங்கியது: கொடுங்குற்றமாயின் பதினாறு வயதானவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கவும் வழி செய்தது. சீற்றம் நியாயமானதே; சீற்றத்தால் சட்டமெழுதுவது நியாயமா என்பது என் ஐயம். ஆயினும் அதே சட்டத்தில் நம் தோழர்கள் மனத்தில் பதிக்கவேண்டிய விதிகள் உள்ளன. பிடிபட்ட சிறுவனை எக்காரணத்தாலும் காவல்நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைக்கலாகாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தவேண்டும். இல்லத்துப் பணியாளர் சிறுவனைக் கொடுமைப்படுத்தினால் ஐந்தாண்டுவரை கடுங்காவலும், ஐந்து இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. இராசபாளையத்துக் கடைத்தெருவிலே கூட்டம் கூடும்போது, இவற்றைத் தெரிந்த ஓர் இளைஞன் அங்கே நின்றால், தலையெழுத்துப் பேச்சு அடங்கும். சிறுவன் முதுகிலே அடி விழாது.

இனிச் செங்கற்பட்டு. 2022 டிசம்பர் 31. சிறு திருட்டுக் குற்றச்சாட்டில் அங்குள்ள அரசினர் இல்லத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுவன், வந்த இரண்டொரு நாளிலேயே மாண்டான். அடித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானவர்கள் வெளியாட்கள் அல்லர், இல்லத்தின் பணியாளர்கள். 1887இல் சிறையின் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்கவென்று பள்ளி வைத்த அதே ஊர்!

அதன்பின் தமிழ்நாட்டரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவாக அமர்த்தியது. இல்லங்களின் நிலையை ஆராய்ந்த அவர், 2023 நவம்பரில் முதலமைச்சரிடம் அறிக்கையை அளித்தார். 1920இல் சிறார் சட்டம் பிறந்ததும் இந்தச் சென்னையில்தான். நூற்றுமூன்று ஆண்டுகளுக்குப்பின் அந்த அறிக்கை வந்து சேர்ந்ததும் இதே சென்னையில்தான்.