முகம்மதன் ஸ்போர்ட்டிங்: ஒரு கழகம் ஏறிய கதையும் இறங்கிய கதையும்



மன்செஸ்டர் யுனைட்டட் கடைசியாக எந்த வருடம் லீக் வென்றது என்று ஹந்தானையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், 2013 என்று யோசிக்காமல் பதில் வரும். லிவர்பூல் 30 வருடம் காத்திருந்து 2020இல் மீண்டும் வென்ற கதையும் அவர்களுக்கு மனப்பாடம். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலாந்துக் கழகங்களையே அவர்களுடைய ஆட்டத்தில், அவர்கள் நடத்திய லீக்கில், ஐந்து வருடம் தொடர்ந்து பின்தள்ளிய ஒரு கழகம் நமக்குப் பக்கத்து நாட்டில் இருக்கிறது. அதன் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் யோசிப்பார்கள். கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தைத்தான் சொல்கிறோம்.

அது தொடங்கிய காலத்தை நாம் நம் ஊரோடு சேர்த்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். 1887இல் கல்கத்தா முஸ்லிம்கள் சிலர் ஜூபிலி கிளப் என்ற பெயரில் ஒரு கழகம் அமைத்தார்கள். பெயர் இரண்டு முறை மாறி, 1891இல் அது முகம்மதன் ஸ்போர்ட்டிங் ஆனது. அடுத்த வருடம், 1892இல், நம் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை கொழும்பு மருதானையில் மத்ரஸத்துஸ் ஸாஹிராவை ஆரம்பித்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே இருந்த ஒராபி பாஷா அதற்குத் துணை நின்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் நம் சமூகம் பின்தங்கிப் போகிறதே என்ற கவலை இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். இங்கே அதற்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. அங்கே ஒரு விளையாட்டுக் கழகமும் எழுந்தது.

ஆனால் முதல் 40 வருடங்கள் அந்தக் கழகம் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. வெள்ளைக்காரக் கழகங்களும் இராணுவப் படையணிகளும்தான் மாறி மாறி வென்றன. 1911இல் மோகன் பகான் கழகம், வெறுங்காலால் ஆடி, கிழக்கு யோர்க்‌ஷயர் படையணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றது உண்மை. அது இந்தியாவையே உலுக்கிய வெற்றி. ஆனாலும் லீக் கிண்ணம் எந்த இந்தியக் கழகத்துக்கும் கிடைக்கவில்லை. ஷீல்டில் நாலைந்து நல்ல நாட்கள் வாய்த்தால் போதும். லீக் அப்படியல்ல, பருவம் முழுக்கத் தளராமல் ஆட வேண்டும். முகம்மதன் ஸ்போர்ட்டிங்கோ இரண்டாம் பிரிவில் கிடந்தது.

1930களின் தொடக்கத்தில் நிர்வாகம் விழித்துக்கொண்டது. அவர்கள் செய்தவை முக்கியமாக இரண்டு. முதலாவது, ஆட்டக்காரர்களைத் தேடிப் போனார்கள். கல்கத்தாத் தெருக்களோடு நிற்காமல் பெங்களூர், டெல்லி என்று தூர ஊர்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். பந்தை மந்திரம் போலக் கையாள்வார் என்று பெயர் பெற்ற அப்துஸ் ஸமது, 40 வயதை நெருங்கும் காலத்தில் இந்தக் கழகத்துக்கு வந்தார். இரண்டாவது, சப்பாத்து. வெறுங்காலால் ஆடுவதைப் பெருமையாக நினைத்த காலம் அது. ஆனால் லீக் நடப்பது மழைக்காலத்தில். சேற்றில் வெறுங்கால் வழுக்கும், வெள்ளைக்காரரின் சப்பாத்துக் கால் வழுக்காது. ஹந்தானை மழையில் பந்தடித்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முகம்மதன் ஸ்போர்ட்டிங் பெருமையை ஒருபுறம் வைத்துவிட்டு, ஈர மைதானத்துக்குச் சப்பாத்துப் போட்டுப் பழகியது.

1934இல் முதல் பிரிவுக்கு ஏறி வந்த அதே வருடம் லீக்கை வென்றார்கள். அதை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். 1935, 1936, 1937, 1938 என்று கிண்ணம் வேறெங்கும் போகவில்லை. 1936இல் லீக்கும் ஷீல்டும் ஒரே வருடத்தில் வந்தன. 1940இல் டெல்லியில் டியூரண்ட் கிண்ண இறுதியாட்டம். எதிரே ரோயல் வாரிக்‌ஷயர் படையணி. முகம்மதன் ஸ்போர்ட்டிங் 2-1 என்று வென்றது. படையணிகளின் சொத்தாக இருந்த அந்தக் கிண்ணத்தை இராணுவம் சாராத இந்தியக் கழகம் ஒன்று தூக்கியது அதுவே முதல் முறை.

இந்தக் காலத்தில் நடந்த இன்னொரு சம்பவத்தை நாம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த வெற்றி அணியில் ஆடிய முகம்மது ஸலீம் 1936இல் கடல் கடந்து ஸ்கொட்லாந்து போனார். கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்தில் முகாமையாளர் வில்லி மேலி அவரைச் சோதித்துப் பார்த்தார். ஸலீம் சப்பாத்துப் போடவில்லை. காலில் பட்டி சுற்றிக்கொண்டு ஆடினார். செல்டிக் சீருடையில் இரண்டு ஆட்டங்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள், பத்திரிகைகள் புகழ்ந்தன. ஆனால் ஊர் நினைவு அவரை விடவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

செல்டிக் யாருடைய கழகம் தெரியுமா? வறுமையில் வாடிய ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டவென்று, வோல்ஃப்ரிட் என்ற துறவி 1887இல் தொடங்கிய கழகம். அதுவும் ஒரு சிறுபான்மையின் கழகம்தான். ஆனாலும் கல்கத்தாவிலிருந்து வெறுங்காலோடு வந்த ஒரு முஸ்லிமுக்கு அது தன் சீருடையைக் கொடுத்தது. "நீ எங்கள் ஆளா?" என்பதை விட "உனக்குப் பந்து வருமா?" என்ற கேள்வி அங்கே பெரிதாக இருந்தது.

முகம்மதன் ஸ்போர்ட்டிங் அந்த நாட்களில் பெரும்பாலும் முஸ்லிம் ஆட்டக்காரர்களையே நம்பியது. அந்தக் காலத்து அவமானங்களை நினைத்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கழகத்தின் ஒவ்வொரு வெற்றியும் அரசியலுக்கும் தீனியானது. மைதானத்தின் கைதட்டல் எது, மேடையின் கைதட்டல் எது என்று பிரிக்க முடியாமல் போனது. பிறகு 1947 வந்தது. வங்காளம் இரண்டாக வெட்டுப்பட்டது. ஆட்டக்காரர், ஆதரவாளர், பணம் கொடுத்தோர் எனப் பலர் எல்லைக்கு அப்பால் போனார்கள். மந்திரக்காரர் ஸமது 1964இல் கிழக்குப் பாகிஸ்தானின் பார்பத்திபூரில் காலமானார். கழகம் கல்கத்தாவிலேயே நின்றது, அதன் சனங்களில் பாதி வேறு நாட்டுக்காரர் ஆனார்கள்.

அதற்குப் பிறகும் கழகம் சாகவில்லை. 1948, 1957, 1967, 1981 ஆகிய வருடங்களில் லீக் வென்றது. 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தையும் வென்றது. 1980களில் ஈரானின் மஜீத், ஜம்ஷித், நைஜீரியாவின் சீமா ஒகோரி என்று வெளிநாட்டாரும் ஆடினார்கள். ஆனால் அந்த வருடங்களை வரிசையாகப் பாருங்கள். முன்பு வருடாவருடம் வந்த கிண்ணம், பிறகு பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. 1981க்குப் பிறகு 40 வருடங்கள் வரவே இல்லை.

அந்த 40 வருடத்தில் என்ன நடந்தது? திறமை வற்றிப் போய்விட்டதா? இல்லை. 2013இல் 73 வருடங்களுக்குப் பிறகு டியூரண்ட் கிண்ணம் மீண்டும் கிடைத்தது. 2014 தொடக்கத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டும் கிடைத்தது. அதே பருவத்தில் ஐ லீக்கில் கடைசி இடம், தரமிறக்கம். அந்த வருடம் முடிவதற்குள், கையில் பணமில்லை, மூத்த அணியை நிறுத்துகிறோம் என்று சொல்லும் நிலையும் வந்தது. ஒரு கையில் இரண்டு கிண்ணம், மறுகையில் வெறும் பெட்டி.

2021இல் கல்கத்தா லீக் திரும்பக் கிடைத்தது. 2022, 2023இலும் அதுவே. 2024 ஏப்ரலில் ஷில்லோங்கில் 2-1 என்று வென்று ஐ லீக் கிண்ணத்தையும் எடுத்து, இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏறினார்கள். அந்த அணியைப் பாருங்கள். பயிற்றுநர் ரஷ்யர். முன்கள ஆட்டக்காரர் ஹொண்டுராஸ்காரர். நடுக்களத்தில் ஆர்ஜென்டினாக்காரரும் உஸ்பெகிஸ்தான்காரரும். மிசோராமின் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருந்தார்கள். பெயர் முகம்மதன் ஸ்போர்ட்டிங்தான், கறுப்பு வெள்ளைச் சீருடையும் அதேதான். கதவை அகலத் திறந்ததால் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

சூப்பர் லீக்கில் அவர்களுடைய முதல் வெற்றி, 2024 செப்டம்பரில், சென்னை மண்ணில் சென்னையின் எஃப்.சி.க்கு எதிராக வந்தது. 1-0. அதோடு பழைய நோயும் வந்தது. சம்பளம் தாமதம் என்ற செய்திகள் வந்தன. பருவத்தின் நடுவில், சம்பளம் கிடைக்கவில்லை என்று கூறிப் பயிற்றுநர் விலகினார். 24 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 13 அணிகளில் 13ஆவது இடம்.

இது அவர்களுக்கு மட்டும் வந்த சோதனை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் பரி என்றொரு கழகம். 1885இல் தொடங்கியது. 1900, 1903 ஆகிய வருடங்களில் எஃப்.ஏ. கிண்ணம் வென்றது. 1903 இறுதியாட்டத்தில் 6-0. அப்பேர்ப்பட்ட கழகத்தை 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே வெளியேற்றினார்கள். ஆட்டத்தில் தோற்று அல்ல. அதற்கு முந்திய பருவத்தில்தான் மேல் பிரிவுக்கு ஏறியிருந்தது. கடனைக் கட்டுவோம், கழகத்தை நடத்துவோம் என்று காட்டக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். நம் நாட்டையும் பாருங்கள். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. சிக்கல் நிர்வாக மேசையில், வெளியே நின்றவர்கள் ஆட்டக்காரப் பிள்ளைகள்.

ஆகவே இந்தக் கதையில் நாம் எடுக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு கழகத்தை மேலே ஏற்றுவது ஆட்டக்காரரின் கால். கீழே தள்ளுவது பெரும்பாலும் பொருளாளரின் கொப்பி. கழகம் சமூகத்தின் பெருமை என்று நாம் சொல்லும்போது, அந்தப் பெருமைக்கு யார் கணக்கு வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

நம் பக்கத்திலும் பள்ளிவாசலைச் சுற்றி, பாடசாலையைச் சுற்றி, விளையாட்டுக் கழகங்கள் பிறக்கின்றன. சுற்றுப்போட்டிக்கு முன் சீருடை அடிக்கிறோம், பதாகை கட்டுகிறோம். இரண்டு வருடத்தில் கழகம் இருந்த இடம் தெரிவதில்லை. சமதரையே அரிதான இந்த மலையில் பந்தடிக்க ஒரு துண்டு இடம் கிடைப்பது நிஃமத். அதை வீணாக்கலாமா? வருடத்துக்கு ஒருமுறையாவது வரவு செலவை ஜமாஅத் முன்னால் வாசிப்போம். சீருடைக்குச் செலவழிக்கும் காசில் பாதியைச் சப்பாத்து இல்லாத பிள்ளைக்குக் கொடுப்போம். தேர்தல் காலத்தில் கழகத்தை யாருடைய மேடைக்கும் வாடகைக்கு விடாதிருப்போம்.

இன்னொன்று. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளையோ பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சிங்களப் பிள்ளையோ நம் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால், அவனைக் கூப்பிட்டுச் சேர்ப்போம். கிளாஸ்கோவில் நம்மில் ஒருவனுக்கு அப்படித்தான் சீருடை கிடைத்தது. 1936இல் அவர்களால் முடிந்தது இன்று நம்மால் முடியாதா என்ன?

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கால்களுக்கு வலிமையையும், நம் கைகளுக்கு அமானிதத்தையும் தருவானாக.