வரிப்பதிவேட்டில் பிறந்த சொல்

(நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தில்லியில் என்னோடு ஒரே விடுதியில் தங்கியிருக்கும் ஆய்வாளர் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு என் அறைக்கு வந்தார். கோஹிமாவில் பிறந்தவர். வார இறுதிகளில் நால்வர் கொண்ட ஓர் இசைக்குழுவை நடத்துகிறார். பாடல்களைத் தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே வெளியிடுகிறார்கள். “நீங்கள் மொழியியல் படித்தவர்தானே? ‘நாட்டுப்புற இசை’ என்பதற்கு வரையறை ஒன்று சொல்லுங்கள். என் ஆடிட்டருக்கு வேண்டும்” என்றார். சிரித்துவிட்டேன். பிறகு அவர் காட்டிய தாள்களைப் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

கேள்வி எழுந்த இடம் ஜிஎஸ்டி. 2017இல் வெளியான விலக்குப் பட்டியலில் கலைஞர்களுக்கென்று ஒரு வரி உண்டு. நாட்டுப்புற அல்லது செவ்வியல் வடிவிலான இசை, நாட்டியம், நாடகம் ஆகியவற்றை நிகழ்த்தும் கலைஞர், ஒரு நிகழ்ச்சிக்கு 1,50,000 ரூபாய்க்கு மேற்படாத கட்டணம் பெற்றால், அந்தச் சேவைக்கு வரியில்லை. ‘நாட்டுப்புற’ என்பதற்கோ ‘செவ்வியல்’ என்பதற்கோ அங்கே விளக்கம் இல்லை. இரண்டிலும் அடங்காத இசைக்கு 18 விழுக்காடு.

நண்பரின் கணக்கு இதுதான். குழுவுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 80,000 ரூபாய். ஆண்டுக்கு 25 நிகழ்ச்சிகள் நடந்தால் 20 லட்சம். அதைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தொகை நால்வருக்கும் ஒலியமைப்பாளருக்கும் பிரிந்து போகிறது. ஆனால் பில் இவர் பெயரில் இருப்பதால், முழுத் தொகையும் இவருடைய விற்றுமுதலாகவே எண்ணப்படும். வரியைத் தனியே கேட்டால், ‘பேசிய தொகைக்குள் வரியும் அடக்கம்’ என்கிறது ஒரு கல்லூரி விழாக்குழு. அப்படியானால் 80,000இல் ஏறத்தாழ 12,203 ரூபாய் ஜிஎஸ்டி. மிஞ்சும் 67,797இல் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்தம். கைக்கு வருவது 61,000 சொச்சம். பிடித்த டிடிஎஸ் அவ்வளவும் இவர் ஒருவரின் வருமானவரிக் கணக்கில் ஏறுகிறது. மற்ற மூவருக்குக் கொடுத்ததைச் செலவாக மெய்ப்பிக்கும் பொறுப்பும் இவருடையதே.

இசையால் பிழைப்பவரிடம் அரசு என்ன கேட்டு வந்திருக்கிறது என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். நெடுங்காலம் அரசு அவரிடம் எதையும் கேட்கவில்லை. அவர் வரி கொடுப்பவராக அல்லாமல் வரியிலிருந்து உண்பவராக இருந்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் நட்டுவர், பாடுவோர், கருவி இசைப்போரையும் வரிசைப்படுத்தி, பங்கு ஒன்றுக்கு 100 கலம் நெல் என்று விதிக்கிறது. பரோடா அரசில் இசைவாணர்களுக்கென்றே ‘கலாவந்த் கார்கானா’ என்னும் துறை இருந்தது, அவர்கள் சம்பளக்காரர்கள். கோயில்களையும் அரண்மனைகளையும் சார்ந்த பலர் மானிய நிலங்களை அனுபவித்தனர். 1860இல் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவில் வருமானவரியைக் கொண்டுவந்தார். 1886ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் வருமானத்தை விலக்கியது. நிலத்திலிருந்து உண்ட இசைவாணர் வேளாண்குடியாகவும், அரண்மனையில் உண்டவர் ஊழியராகவும் வரிக்கண்ணுக்குத் தெரிந்தார்களேயன்றி, இசைவாணராகத் தெரியவில்லை.

1902இல் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். நிலமுமின்றிச் சம்பளமுமின்றி, பாடியதற்குப் பணம் பெறும் புதிய பிழைப்பு ஒன்றின் தொடக்கமாக அதைக் கொள்ளலாம். சட்டமோ அந்தப் பாடகரைப் பார்க்காமல், அவர் பாடிய அரங்கின் வாயிலைப் பார்த்தது. 1922இல் வங்காளத்திலும் 1923இல் பம்பாயிலும் 1939இல் சென்னை மாகாணத்திலும் கேளிக்கை வரிச் சட்டங்கள் வந்தன. வரி நுழைவுச்சீட்டின் மீது. செலுத்த வேண்டியவர் அரங்கை நடத்துபவர். விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 62ஆம் பதிவு இப்படி அமைந்தது: ஆடம்பரங்கள் மீதான வரிகள், கேளிக்கை, பொழுதுபோக்கு, பந்தயம், சூதாட்டம் ஆகியவை மீதானவையும் இதில் அடங்கும். கச்சேரியும் குதிரைப் பந்தயமும் ஒரே தொடரில் அமர்ந்திருந்தன. (2016இல் 101ஆம் திருத்தம் வரும்வரை இந்த இருக்கை மாறவில்லை.)

கேளிக்கை என்ற இந்த வரிசையிலிருந்து தங்கள் இசையைப் பிரித்தெடுப்பதற்கான உழைப்பும் அதே காலத்தில்தான் நடந்தது. 1916இல் பாத்கண்டேயின் முயற்சியால் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி. பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள் இதைத் தேசியம், சாதி, பெண்களின் வெளியேற்றம் ஆகிய கோணங்களில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நான் அதை மீண்டும் சொல்லப்போவதில்லை. வரிக்கணக்கின் கோணத்தில் பார்த்தால், ஐரோப்பியர் தம் இசைக்கு வைத்திருந்த ‘கிளாசிகல்’ என்னும் அடைமொழி இந்திய இசைக்கும் உரிமையாக்கப்பட்டது என்பதே முக்கியமாகப் படுகிறது. அந்த அடைமொழியை நிருவாக வகைப்பாடாக மாற்றியதில் அகில இந்திய வானொலிக்குப் பெரும் பங்குண்டு. 1952 முதல் பத்தாண்டுகள் தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் காலத்தில் திரையிசை வானொலியிலிருந்து ஒதுக்கப்பட்டது. குரல்தேர்வு நடத்திப் பாடகர்களைத் தரம் பிரித்தார்கள். செவ்வியல், மெல்லிசை, நாட்டுப்புறம் என்று இசையைப் பிரித்தார்கள். யாரைப் பாடவிடுவது என்பதற்காக வந்த பெட்டிகள் அவை. யாரிடம் வரி வாங்குவது என்ற கேள்வி பின்னால் எழுந்தபோது, பெட்டிகள் ஆயத்தமாக இருந்தன.

வருமானவரிச் சட்டமோ இசைக்கலைஞரை வேறொரு கதவு வழியாக உள்ளே விட்டது. (பிரிவு எண்களை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தருகிறேன், 2026 ஏப்ரல் முதல் அதனிடத்தில் வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.) கணக்கேடு வைக்க வேண்டிய தொழில்களாக 44ஏஏ பிரிவு வழக்குரைஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர் முதலியோரைச் சொல்கிறது. 1977 ஜனவரியில் ஓர் அறிவிக்கை இந்தப் பட்டியலில் திரைக்கலைஞரைச் சேர்த்தது. இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள்; ஆனால் திரைப்படத் தயாரிப்பில் ஈடுபட்டால் மட்டும். அதே 1977இல் உச்ச நீதிமன்றம், திரைப்படத்துக்காகக் கூலிக்கு இசையமைத்தவரின் பாடலுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. கணக்குப் புத்தகம் கலைஞருக்கு, பாடல் தயாரிப்பாளருக்கு என்று அந்த ஆண்டைச் சுருக்கலாம்.

அந்த அறிவிக்கைக்கு நாற்பதாண்டுகள் கழித்து எதிர்பாராத ஒரு பயன் விளைந்தது. 2016இல் 44ஏடிஏ பிரிவு வந்தது. வரவில் பாதியை இலாபமென்று காட்டிவிட்டால் சிறு தொழிலர் விரிவான கணக்கேடு வைக்கத் தேவையில்லை. வரவு 50 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ரொக்கம் 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் 75 லட்சம்வரை இப்போது அனுமதி. இந்தச் சலுகை 44ஏஏ பட்டியலில் பெயர் சொல்லப்பட்ட தொழில்களுக்கே உரியது. ஒரு படத்துக்குப் பின்னணி பாடுபவர் அதில் இருக்கிறார். சட்டத்தின் எழுத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், அதே குரலில் தம் சொந்தப் பாடலை மேடையில் பாடுபவர் அதில் இல்லை. நண்பரின் ஆடிட்டர் எழுத்தைப் பற்றிக்கொள்பவர். ஆகவே கிட்டார் கம்பி வாங்கிய சீட்டும் ஒத்திகை அறை வாடகைச் சீட்டும் ஒரு காலணிப் பெட்டியில் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

‘இசைக்கலைஞர்’ என்ற சொல் சட்டத்தில் பெயர் பெற்று நின்ற அரிய இடம் 80ஆர்ஆர் பிரிவு. எழுத்தாளர், நாடக ஆசிரியர், கலைஞர், இசைக்கலைஞர், நடிகர், விளையாட்டு வீரர் ஆகியோர் வெளிநாட்டில் ஈட்டியதை அந்நியச் செலாவணியாக உள்ளே கொண்டுவந்தால் கழிவு தந்த பிரிவு அது. சிதாரும் சரோதும் உலகம் சுற்றிய காலத்துக்குப் பொருந்திய சலுகை. 2005–06 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது இல்லாமற்போயிற்று. அந்தப் பிரிவு இன்று நினைக்கப்படுவது ஓர் இசைக்கலைஞரால் அல்ல, சச்சின் டெண்டுல்கரால். விளம்பரங்களில் தோன்றி ஈட்டிய தொகைக்கு அவர் ‘நடிகர்’ என்ற முறையில் கழிவு கோரினார்; 2011இல் மும்பை வருமானவரித் தீர்ப்பாயம் அதை ஏற்றது. சொற்பொருளியல் வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கேட்டதில்லை. நூலாசிரியரின் உரிமத்தொகைக்கு 80க்யூக்யூபி, காப்புரிமை பெற்றவருக்கு 80ஆர்ஆர்பி என்று பின்னர் தனிக் கழிவுகள் வந்தன. மெட்டமைத்தவரின் உரிமத்தொகைக்கு அப்படி ஒன்று வரவில்லை.

2012க்கு வருகிறேன். ஜூன் 21 அன்று பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. திரைப்பாடல் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் விட்டுக்கொடுக்க இயலாத உரிமத்தொகைப் பங்கை அது அளித்தது. பத்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, விலக்கப்பட்டவை நீங்கலாக எல்லாச் சேவைகளும் சேவை வரிக்குள் வந்தன. ‘நாட்டுப்புற அல்லது செவ்வியல்’ என்ற தொடர் விலக்குப் பட்டியலில் அமர்ந்தது அப்போதுதான். மத்திய கலால், சுங்க வாரியம் அவ்வாண்டு வெளியிட்ட விளக்கக் கையேடு இதன் மறுபக்கத்தையும் தெளிவாகவே சொன்னது: மேற்கத்திய இசை, மேற்கத்திய நடனம், நவீன நாடகம் ஆகியவற்றுக்கு வரி உண்டு. ‘கிளாசிகல்’ என்ற சொல்லை ஐரோப்பாவிடமிருந்து வாங்கிய நாம், ஐரோப்பிய இசையை அதிலிருந்து வெளியேற்றிவிட்டோம்! பாக் இயற்றியதைச் சென்னையிலோ கோவாவிலோ வாசிப்பவர் செவ்வியல் கலைஞரா என்று அந்தக் கையேட்டிடம் கேட்டால் என்ன சொல்லும்? 2015இல் இந்த விலக்குக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு லட்சம் என்ற உச்சவரம்பு வந்தது; 2016இல் அது ஒன்றரை லட்சமாயிற்று. ஜிஎஸ்டி அதை அப்படியே வாரிசுரிமையாகப் பெற்றது.

இவற்றைப் படித்துக்கொண்டிருக்கையில்தான் ‘கிளாசிகல்’ என்ற சொல்லின் வேரை மீண்டும் பார்த்தேன். பண்டைய உரோமில் குடிமக்களைச் சொத்து மதிப்பீட்டின்படி வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். படைக் கடமையும் வாக்கும் வரியும் அதைச் சார்ந்தவை. முதல் வகுப்பைச் சேர்ந்தவன் ‘கிளாசிகுஸ்’. பதிவேட்டில் காட்டச் சொத்தில்லாத, பிள்ளைகளை மட்டும் கொண்டவன் ‘புரோலெதாரியுஸ்’. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் இந்தச் சொல்லை எழுத்தாளர்களுக்கு ஏற்றிப் பயன்படுத்தினார்: மொழிவழக்குக்குச் சான்றாகக் கொள்ளத்தக்கவர் முதல் வகுப்பு எழுத்தாளர், சொத்திலி அல்லர். இன்று நாம் வழங்கும் பொருள் அங்கிருந்து கிளைத்தது. சொத்துப் பதிவேட்டில் பிறந்து, இலக்கியத்துக்கும் இசைக்கும் சென்று, ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு வரிப்பதிவேட்டுக்கே அந்தச் சொல் திரும்பியிருக்கிறது. தலைமாற்றம் ஒன்றுதான். அங்கே முதல் வகுப்பு என்பது மிகுதியாகக் கொடுப்பவனைக் குறித்தது. இங்கே கொடுக்க வேண்டாதவரைக் குறிக்கிறது.

நம் பக்கத்திலும் இதற்கொரு நிழல் உண்டு. ‘ஃபோக்’ என்பதற்கு ஈடாக நம் ஆய்வுலகில் பலர் வழங்கும் ‘நாட்டார்’ என்ற சொல், சோழர் கல்வெட்டுகளில் நாடு என்னும் பிரிவின் நிலவுடையோர் அவையைக் குறித்தது. வரி விதிப்பிலும் நீக்கத்திலும் கைகொண்டிருந்தவர்கள் அவர்கள். பொருள் இத்தனை தூரம் நகர்ந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, 18 விழுக்காட்டை யார் கட்டுவது என்று எப்படி முடிவு செய்வது?

நண்பருக்கு இது ஏட்டளவிலான வேடிக்கை அல்ல. நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மலைகளில் மேற்கத்திய இசை நேற்று வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகளின் தேவாலயப் பாட்டிலிருந்து நான்கைந்து தலைமுறையாக வேரூன்றியது. அங்கே அதுதான் ஊர்ப்பாட்டு. ஜிஎஸ்டிப் பதிவுக்கான வரம்பு மற்ற பெரும்பாலான மாநிலங்களில் 20 லட்சம். நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர், திரிபுராவில் 10 லட்சம். இவர் ஊரிலேயே இருந்திருந்தால் 13ஆவது நிகழ்ச்சியிலேயே பதிவு செய்திருக்க வேண்டும். பழங்குடியினர் தம் மாநிலத்துக்குள் ஈட்டுவதற்கு 10(26) பிரிவின்படி வருமானவரி இல்லை. தில்லி மேடையில் ஈட்டுவதற்கு உண்டு.

விழாக்குழுவிலிருந்து ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு வழி சொன்னாராம். நாகா சால்வை அணிந்து, டிரம்ஸும் மின்கிட்டாரும் இல்லாமல், பாட்டி வயலில் பாடிய பாட்டை மட்டும் பாடுங்கள். பில்லில் ‘நாட்டுப்புற நிகழ்ச்சி’ என்று போட்டுவிடலாம். நண்பரின் பாடல்களில் பாதி அந்த வயல்மெட்டிலிருந்தே வந்தவை. மின்கிட்டாரில் அதே மெட்டைத்தான் வாசிக்கிறார். “எந்தச் சுரத்தில் அது நாட்டுப்புறம் ஆகாமற்போகிறது என்று உங்கள் மொழியியல் சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாது என்றேன். வகைப்பெயர்கள் எவ்வாறு உண்டாகின்றன என்று விளக்கும் துறை அது. எல்லைக்கல் நடும் துறையன்று. ஆடிட்டருக்கு வரையறை எதையும் நான் எழுதிக் கொடுக்கவில்லை.

சென்ற வாரம் பதிவு செய்துவிட்டார். முதல் பில்லை என் மேசையில் அமர்ந்துதான் நிரப்பினார். சேவை எண் 999631. நடிகர், இசைக்கலைஞர், பாடகர், நாட்டியக் கலைஞர், தொலைக்காட்சிப் பிரபலம் எல்லாரையும் வேறுபாடின்றி அடைத்துவைத்திருக்கும் எண் அது. பக்கத்தில் ‘விவரம்’ என்றொரு கட்டம். சற்று யோசித்துவிட்டு ‘இசை’ என்று மட்டும் எழுதி, கீழே 14,400 ரூபாய் வரியைத் தனி வரியாகச் சேர்த்தார். விழாக்குழு அதை ஏற்குமா என்பது இன்னும் தெரியவில்லை.