கேள்வியைத் திருத்தும் கல்வி: வெள்ளாற்றுக் கரையிலிருந்து ஒரு வாதம்

கடலூர் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் வெள்ளாற்று நீர் தேங்கி, வெள்ளாற்று ராஜன் வாய்க்கால் வழியாகக் கடைமடை வயல்களுக்குப் பிரிகிறது. தெற்கே வீராணம் ஏரி. 2004 முதல் அந்த ஏரியின் நீர் இவ்வூரிலிருந்து குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரை அனுப்பும் திறனுடன் அமைந்த திட்டம் அது. வடக்கே நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க வேண்டுமானால் அதன் அடியில் அழுத்தத்தோடு கிடக்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும். அப்படி இறைத்த நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுக்கும் வந்து பாசனமாகிறது. இத்தனை பின்னிய நீர்க்கணக்குக்கு நடுவே வளரும் பிள்ளைகள் சிக்கல்களைப் புதுமையாகத் தீர்க்கும் திறனை எங்கே கற்கிறார்கள் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

கற்பதற்கான இடங்கள் இரண்டு ஏற்கெனவே இருக்கின்றன. ஒன்று தமிழ் வகுப்பு. மற்றொன்று காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம். ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் விதி. மேல்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரே மாணவர் காலையில் மணிமேகலை படிக்கிறார், மாலையில் முகாமில் கருவேல முள் வெட்டுகிறார். இரண்டுக்கும் இடையே ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. இந்தப் பிரிவுதான் நம் கல்வியின் பெரிய விரயம் என்பது என் துணிபு.

படைப்பாக்க முறையில் சிக்கல் தீர்ப்பதைத் தனிப் பயிற்சியாக வகுத்தவர்களுள் ஒருவர் அமெரிக்கரான அலெக்ஸ் ஆஸ்போர்ன். 1953இல் வந்த அவருடைய நூலும் அதைத் தொடர்ந்து சிட்னி பார்ன்ஸ் உருவாக்கிய வகுப்புகளும் யோசனை சொல்வதற்கு முன்பே உண்மைகளைத் திரட்டவும் சிக்கல் எதுவென்று வரையறுக்கவும் சொல்கின்றன. மேலாண்மைப் பயிலரங்குகள் அந்த முற்பகுதியை ஒதுக்கிவிட்டு, யோசனைகளைக் கொட்டும் விளையாட்டை மட்டும் எடுத்துக்கொண்டன. கடினமானது முற்பகுதிதான். எதைச் சிக்கல் என்று சொல்கிறோமோ அதற்கேற்ற விடைதான் கிடைக்கும். கேள்வியை மாற்றிக் கேட்க இலக்கியம் பழக்குகிறது. மாற்றிய கேள்வி சரிதானா என்பதை ஊருக்குள் இறங்கிச் செய்யும் பணி காட்டிக்கொடுக்கிறது.

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, இதற்கு முதன்மையான சான்று. காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவில் மணிமேகலை சிறைக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிடுகிறாள். செய்தி அரசனுக்கு எட்டுகிறது. அவன் அழைத்து, வேண்டுவது என்ன என்று கேட்கிறான். அவள் கையில் இருப்பது அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. அவள் சோறு கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. சிறையையே அறச்சாலையாக்கக் கேட்கிறாள். தேர்வில் நாம் இக்காதையின் கதைச் சுருக்கத்தைக் கேட்டு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். கேட்க வேண்டியது வேறு. குறையாத பாத்திரம் கையில் இருந்தும் அவள் ஏன் ஒரு கட்டடத்தின் பயனை மாற்றச் சொன்னாள்? பொருள் தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் துன்பம் தீரவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? பதினாறு வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியோடு ஒரு மணி நேரம் போராடினால், பிறகு எந்த ஊரின் குறையைப் பார்த்தாலும் ‘நிதி போதவில்லை’ என்ற முதல் விடையோடு நின்றுவிடாது.

புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டும் இவ்வகையே. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொல்லும் அறிவுரை அது. மறுமை இன்பமும் புகழும் வேண்டுமானால் என்ன செய்வது என்பதே அரசன் முன்னுள்ள வினா. புலவர் அதைப் படிப்படியாக இறக்கிக்கொண்டு வருகிறார்: உயிர் உணவால் நிற்பது, உணவு நிலமும் நீரும் சேர்ந்தது, ஆகவே நிலம் பள்ளமாக உள்ள இடம் பார்த்து நீரைத் தேக்கு. புகழைப் பற்றிய கேள்வி நிலமட்டத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. பராந்தகச் சோழன் காலத்து வீராணம் ஏரியின் அருகே வாழும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

ஆனால் இப்பகுதிக்கு வாய்த்த மிகச் சிறந்த முன்மாதிரி வள்ளலார். 1823இல் அவர் பிறந்த மருதூரும், வாழ்ந்த கருங்குழியும், தருமச்சாலை நிறுவிய வடலூரும் சேத்தியாத்தோப்பிலிருந்து சிறு தொலைவுதான். 1854இல் அவர் வெளியிட்ட மனுமுறை கண்ட வாசகத்தில், மகனின் தேர்க்காலில் கன்று இறந்ததைக் கேட்ட சோழன், தான் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக நினைத்துத் தன்னையே கேட்டுக்கொள்கிறான். குடிநீர்க் குளத்தைத் தூர்த்த பாவமும் அந்த வரிசையில் உண்டு. ஆட்சியில் இருப்பவன் பிறர் குற்றத்தைத் தேடுவதற்கு முன் தன்னைக் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல் அது. பழங்கதையை எடுத்து ஆய்வுக் கருவியாக மாற்றிய செயல் என்றே இதைச் சொல்வேன்.

அடுத்த கட்டம் இன்னும் முக்கியமானது. 1866ஆம் ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் வாட்டியது. 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலை தொடங்கியது. அங்கே மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. வள்ளலாரின் ‘சீவகாருணிய ஒழுக்கம்’ நூலைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பசி ஒரு மனிதனுக்குள் என்னவெல்லாம் செய்கிறது என்று உடலும் அறிவும் தளரும் நிலைகளை அவர் நுணுக்கமாக விவரிக்கும் பகுதி. பார்த்தவர் எழுதிய எழுத்து அது. சோறிடுவதற்கு முன் பசியை அவர் படித்திருக்கிறார். வடலூரிலேயே சிறுவரும் முதியவரும் படிக்கப் பாடசாலையும் எளியவர்களுக்குத் திருக்குறள் வகுப்பும் ஏற்படுத்தினார். எழுத்தும் அடுப்பும் வகுப்பும் ஒரே முயற்சியின் உறுப்புகளாக இருந்தன. இன்று அவை மூன்று துறைகளாகிவிட்டன. (உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தது 1898இல்தான். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே அதன் அறக்கோட்டத்துக்கு நிகரான ஒன்று வடலூரில் எழுந்திருந்தது வியப்புக்குரியது.)

தனி ஒருவரின் அருளாற்றலை மாணவர் முகாமுக்கு அளவுகோலாக்கலாமா என்று கேட்கலாம். அதற்கு அறிவொளி இயக்கம் விடை தருகிறது. 1991–92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு கற்பிக்கப் போனவர்களுள் பெரும்பகுதி இளைஞர்கள். பெண்கள் வகுப்புக்கு வருவதும் கற்பிக்கும் பெண்கள் ஊர் விட்டு ஊர் போவதும் கடினமாக இருந்தன. ‘எப்படிப் பாடம் நடத்துவது’ என்ற கேள்வி ‘பெண் எப்படி நடமாடுவது’ என்று மாறியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியை எழுத்தறிவின் பகுதியாக்கினார். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். பாட்டு, கடன், நிர்வாக ஆணை மூன்றும் கூடியதால் விளைந்த தீர்வு இது. இவற்றில் ஒன்றை நீக்கினாலும் மற்றவை நொண்டியிருக்கும். நெல்லைப் பகுதியில் இவ்வியக்கத்தில் உழைத்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ நூலில் தம் அனுபவங்களை எழுதியிருக்கிறார். ஊர்ப்பணியில் இறங்கும் மாணவர் கையில் முதலில் கொடுக்க வேண்டிய நூல் அது.

எதிர்வாதங்களில் ஒன்றைச் சுருக்கமாகவும் ஒன்றை விரிவாகவும் பேச வேண்டும். இலக்கியம் கருவியாகச் சிறுத்துவிடும் என்பது முதலாவது. குடபுலவியனாரே கவிதையைக் கருவியாக்கத் தயங்கவில்லை. அதனால் அப்பாட்டின் அழகு குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது வலுவானது. சிக்கல் தீர்க்கும் திறனை ஏழைப் பகுதி மாணவர்களிடம் வற்புறுத்துவது, அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதை அவர்கள் தலையில் ஏற்றுவதாகாதா? ஆகும், கவனமில்லாவிட்டால். 2023 ஜூலையில் இப்பகுதியின் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்துக்கான பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயல்களில் பொக்லைன்கள் இறங்கின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்கச் சொல்லி உத்தரவு வந்தது. எத்தனை முகாம் நடத்தினாலும் இதை மாணவர்கள் தீர்க்க முடியாது, தீர்க்கும்படி அவர்களிடம் சொல்வதும் அநியாயம். சில சிக்கல்கள் திறமைக் குறைவால் வருபவை, சில நீதிக் குறைவால் வருபவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கல்வியின் பெரும்பகுதி. இங்கும் இலக்கியம் துணை நிற்கிறது. இப்பகுதி அடங்கிய நடுநாட்டின் எழுத்தாளர் கண்மணி குணசேகரனின் ‘கோரை’ நாவலில் களைமண்டிய நிலத்தோடு மல்லுக்கட்டும் உழவுக் குடும்பத்தைப் படிக்கும் மாணவர், நிலம் என்பது ஏக்கர்க் கணக்குக்குள் அடங்காதது என்று உணர்வார். அந்த உணர்வோடு இழப்பீட்டு ஆணையைப் படித்தால், அதில் எது ஈடாகியிருக்கிறது, எது ஈடாகவில்லை என்று எழுத அவரால் முடியும். அப்படி எழுதுவதும் சமூகப் பணிதான். சிக்கலைத் தீர்க்காவிட்டாலும் அதைச் சரியாக எழுதி வைத்த மாணவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும்.

பாவ்லோ ஃப்ரெய்ரே பிரேசிலில் உழவர்களுக்கு எழுத்துக் கற்பித்தபோது அவர்கள் வாழ்க்கையில் புழங்கிய சொற்களைத் திரட்டிய பிறகே பாடம் எழுதினார். கண்மணி குணசேகரனின் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ அத்தகைய திரட்டுதல் இப்பகுதியில் ஏற்கெனவே நடந்திருப்பதைக் காட்டுகிறது. மதகு, கலங்கல், மடை, முறைநீர் பற்றி ஆயக்கட்டுக்காரர்கள் பேசுவதை மாணவர்கள் கேட்டு எழுதினால் அந்த அகராதிக்கு ஒரு துணைநூலே உருவாகும்.

கடலூர் மாவட்டத்துக் கல்லூரிகளின், மேல்நிலைப் பள்ளிகளின் நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் தமிழாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. அடுத்த ஏழு நாள் முகாமை ஒரே ஏரியின் ஆயக்கட்டில் நடத்துங்கள். முகாமுக்கு முன்பே மேற்சொன்ன காதையையும் பாட்டையும் வகுப்பில் விவாதியுங்கள். முதல் இரண்டு நாள் மண்வெட்டியைத் தொட வேண்டாம். தலைமடைக்காரர், கடைமடைக்காரர், மீன் குத்தகை எடுத்தவர், நடவுக்குப் போகும் பெண்கள் என எல்லாரிடமும் அவரவர் குறை என்ன என்று கேட்டு எழுதட்டும். மூன்றாம் நாள் அவற்றை ஊர்ச் சபையில் உரக்கப் படித்துக் காட்டட்டும். எந்த வேலையைச் செய்வது என்பதை அன்று மாலை ஊராரும் மாணவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.